பிசினஸ் பத்திரிகையின் கடிவாளம் யார் கையில்? ஆவணங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

எந்தக் கம்பெனியைப் பற்றி எழுதுகிறதோ அதே கம்பெனியிடம்தான் வணிக இதழ் விளம்பரமும் கேட்கிறது. சில சமயம் அந்தக் கம்பெனியே இதழின் முதலாளியாகவும் இருக்கிறது. ‘எங்கள் ஆசிரியர் குழு முழுச் சுதந்திரத்துடன் இயங்குகிறது’ என்று ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் எழுதாத இதழ் கிடையாது. அந்த வாக்கியத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம், பணம் எந்த வழியாக வருகிறது, முதலாளிக்குக் கெட்ட செய்தி வந்த வாரத்தில் இதழ் என்ன செய்தது என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் பொது ஆவணங்களில் கிடைக்கும். கடைசியை நீங்களே உட்கார்ந்து எண்ண வேண்டும்.

முதலீட்டு முடிவுக்கு இதழ்களை நம்புகிற வாசகருக்கும், வேலைக்குச் சேரப்போகிற நிருபருக்கும், இதழியல் மாணவருக்கும் ஆன குறிப்புகள் இவை. ஒரு இதழை ஆராய ஒரு வார இறுதியும் சில நூறு ரூபாயும் போதும். பக்கங்களை எண்ணும் வேலைக்கு மட்டும் கூடுதலாகச் சில மாலைகள் பிடிக்கும்.

இதழின் பெயரிலிருந்து கம்பெனிக்கு

முதலில் இம்பிரிண்ட் வரியைப் பாருங்கள். அச்சு இதழில் உள்ளடக்கப் பக்கத்தின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர், வெளியிடும் கம்பெனியின் முழுப் பெயர், பதிவு அலுவலக முகவரி எல்லாம் அங்கே உண்டு. இந்திய இதழ்களில் பல, செய்தித் தேர்வுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் யார் என்றும் அதே இடத்தில் சொல்லும். அந்தப் பெயர் ஆசிரியருடையதா, நிர்வாகத் தலைவருடையதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரண்டு நாற்காலியிலும் இருந்தால், அதுவே உங்கள் முதல் குறிப்பு.

உலகப் பெயர் தாங்கிய இதழ்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஃபோர்ப்ஸ் இந்தியா அட்டையில் இருப்பது அமெரிக்கப் பெயர். உரிமம் பெற்று வெளியிடுவது நெட்வொர்க்18 குழுமம். அதன் கட்டுப்பாடு 2014-ல் ரிலையன்ஸ் கைக்குப் போனது. இண்டிபெண்டன்ட் மீடியா டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வழியாக. ஆகவே ‘ஃபோர்ப்ஸின் உரிமையாளர் யார்’ என்று தேடினால் அமெரிக்க இதழின் உரிமையாளர் கிடைப்பார். இங்குள்ள ஆசிரியருக்குச் சம்பளம் தருபவர் கிடைக்க மாட்டார். பெயரின் சொந்தக்காரர் வேறு, பிரசுரத்தின் சொந்தக்காரர் வேறு என்று தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டால் குழப்பம் வராது.

பழைய இதழ்கள் கிடைத்தால் மார்ச் மாத முதல் இதழை எடுங்கள். 1867-ம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் அமலில் இருந்தவரை, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் ‘படிவம் 4’ வெளியிட வேண்டும் என்பது விதி. ஒரு சதவீதத்துக்கு மேல் மூலதனம் வைத்திருப்பவர்களின் பெயர்களை அதில் சொல்ல வேண்டும். 2023-ம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டு மார்ச் இதழ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பங்கு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சரித்திரமே கிடைக்கும். நூலகங்களில் யாரும் தொடாத பக்கம் அது.

ஏணியில் ஏறுங்கள்

கம்பெனியின் பெயர் கிடைத்ததும், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா என்று பாருங்கள். பட்டியலிடப்பட்டதென்றால் வேலை சுலபம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாளுக்குள் பங்குதாரர் விவரத்தைச் சந்தைக்குத் தர வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்கள் அதில் வரும். கம்பெனியைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர்கள் பங்குகளை அடகு வைத்திருந்தால் அதுவும் அதே அட்டவணையில் தெரியும். அடகு வைத்தவரைவிட அடகு வாங்கியவர் சில சமயம் முக்கியமானவர்.

பட்டியலிடப்படாத கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்துக்குப் போக வேண்டும். பதிவு செய்து உள்ளே நுழைந்தால் இயக்குநர்களின் பெயர்களும் கடன் பொறுப்புகளின் பட்டியலும் இலவசம். தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்க ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். திறந்ததும் மூன்று மணி நேரம் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். அந்த மூன்று மணி நேரத்தில் படிக்க உட்காராதீர்கள். முதலில் எல்லாவற்றையும் இறக்குங்கள், பிறகு நிதானமாகப் படியுங்கள். இறக்க வேண்டியவை: ஆண்டு விவரப் படிவமான எம்ஜிடி-7 (இதன் இணைப்பில்தான் பங்குதாரர் பட்டியல் இருக்கும்), நிதிக்கணக்கான ஏஓசி-4, புதிய பங்கு ஒதுக்கீட்டுக்கான பிஏஎஸ்-3, இயக்குநர் மாற்றத்துக்கான டிஐஆர்-12, உண்மையான பயனாளியைச் சொல்லும் பென்-2, பிறகு கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகல்ஸ். சுற்றுவழியாகவோ, அதோடு நேரடிப் பங்கையும் சேர்த்தோ குறைந்தது 10 சதவீதம் வைத்திருக்கும் தனிநபரை பென்-2 காட்ட வேண்டும். சில கம்பெனிகளுக்கு அது இருக்காது. இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்குதாரர் பட்டியலில் இன்னொரு கம்பெனியின் பெயர் வந்தால் அதற்கும் 100 ரூபாய் கட்டி அதே வேலையைச் செய்யுங்கள். ஒரு மனிதரோ, அரசோ, டிரஸ்டோ, வெளிநாட்டுக் கம்பெனியோ வரும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலோர் முதல் படியிலேயே நின்று ‘சுதந்திரமான பிரைவேட் லிமிடெட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு ஒரே பதிவு முகவரி, ஒரே ஆடிட்டர், ஒரே இயக்குநர்கள் என்று தெரிந்தால் நீங்கள் சரியான ஏணியில் இருக்கிறீர்கள்.

பங்கு பார்த்தால் போதாது, கடனையும் பாருங்கள்

இந்திய ஊடகத்தில் இதற்குப் பெரிய பாடம் என்டிடிவி. அது தொலைக்காட்சிதான், ஆனால் அங்கே நடந்தது எந்த இதழுக்கும் நடக்கலாம். என்டிடிவியில் நிறுவனர்கள் பங்கு வைத்திருந்த கம்பெனிகளில் ஒன்று ஆர்ஆர்பிஆர் ஹோல்டிங். அந்தக் கம்பெனி 2009-10ல் விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற கம்பெனியிடம் 403.85 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கியது. பதிலுக்குத் தரப்பட்டவை வாரண்டுகள். அவற்றைப் பங்காக மாற்றினால் ஆர்ஆர்பிஆரின் 99.99 சதவீதம் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் விஷ்வபிரதானை வாங்கியது, வாரண்டை நீட்டியது. ஆர்ஆர்பிஆரிடம் இருந்த 29.18 சதவீத என்டிடிவி பங்கு அதோடு கைமாறியது. 25 சதவீதத்தைத் தாண்டியதால், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, மற்றப் பங்குதாரர்களிடம் மேலும் 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கடன் வாங்கியது என்டிடிவி அல்ல, அதற்கு மேல்படியில் இருந்த கம்பெனி. என்டிடிவியின் கணக்கை மட்டும் எவ்வளவு கூர்ந்து படித்திருந்தாலும் ஆபத்து கண்ணில் பட்டிருக்காது. ஆகவே ஏணியின் ஒவ்வொரு படியிலும் நிதிக்கணக்கின் ‘கடன்கள்’, ‘பங்கு மூலதனம்’ ஆகிய இரண்டு குறிப்புகளைப் படியுங்கள். ‘கட்டாயம் பங்காக மாறும் கடன்பத்திரம்’, ‘வாரண்ட்’, ‘ஆப்ஷன்’, ‘மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்கு’ என்ற சொற்களில் ஏதாவது வந்தால் நிறுத்தி, யாரிடம் வாங்கியது, எப்போது மாற்றலாம், மாற்றினால் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் எழுதுங்கள். வட்டியே இல்லாத பெரிய கடன் என்றால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். வட்டி வாங்காமல் கடன் கொடுப்பவருக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. எம்சிஏயின் இலவசக் கடன் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். சொத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன்தான் அங்கே பதிவாகும்.

வெளிநாட்டு முதலீடு இருந்தால் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: செய்தி, நடப்பு நிகழ்வுகள் வெளியிடும் இதழில் 26 சதவீதம் வரைதான், அதுவும் அரசின் அனுமதியோடு.

நல்ல கட்டமைப்பு எப்படி இருக்கும்: தி எகனாமிஸ்ட்டின் விதிகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். 1843-ல் லண்டனில் தொடங்கிய தி எகனாமிஸ்ட்டின் ஆர்ட்டிகல்ஸ் அதற்கு ஏற்றது. பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் ஆவணங்கள் இலவசம். ‘தி எகனாமிஸ்ட் நியூஸ்பேப்பர் லிமிடெட்’ என்று தேட வேண்டும்.

2015-ல் உரிமை கைமாறுவதற்கு முன்பு பங்குகள் இப்படிப் பிரிந்திருந்தன. சாதாரணப் பங்குகள் 2.268 கோடி. ‘ஏ’ சிறப்புப் பங்குகள் 12.6 லட்சம். ‘பி’ சிறப்புப் பங்குகள் 12.6 லட்சம். டிரஸ்ட் பங்குகள் வெறும் 100. இயக்குநர் குழுவில் 13 இடம். ஏ பங்குதாரர்கள் ஏழு பேரையும் பி பங்குதாரர் ஆறு பேரையும் நியமிக்கலாம். சாதாரணப் பங்கு எத்தனை லட்சம் வைத்திருந்தாலும் இயக்குநர் நியமனத்தில் வாய் திறக்க முடியாது. டிரஸ்ட் பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது, வழக்கமான ஓட்டும் கிடையாது. ஆனால் ஆசிரியர் நியமனமும் கம்பெனித் தலைவர் நியமனமும் டிரஸ்டிகளின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது. ஏ, பி பங்குகளை விற்பதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். லாபத்தில் பங்கில்லாத ஆளிடம் சாவியைக் கொடுப்பது, முதலாளியிடம் லாபத்தைக் கொடுப்பது என்பதுதான் இதன் சூட்சுமம்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு என்பதை 2015 கணக்கு காட்டுகிறது. அந்த ஆண்டு பியர்சன் கம்பெனி தன் 50 சதவீதத்தை 46.9 கோடி பவுண்டுக்கு விற்றது. இத்தாலியின் அக்னெல்லி குடும்பத்தின் எக்ஸோர், 63 லட்சம் சாதாரணப் பங்குகளை 22.75 கோடி பவுண்டுக்கும், 12.6 லட்சம் பி பங்குகள் முழுவதையும் 5.95 கோடி பவுண்டுக்கும் வாங்கியது. மீதி 50.4 லட்சம் சாதாரணப் பங்குகளை எகனாமிஸ்ட் குழுமமே 18.2 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. வகுத்துப் பாருங்கள்: சாதாரணப் பங்கு ஒன்று சுமார் 36.11 பவுண்டு, பி பங்கு ஒன்று சுமார் 47.22 பவுண்டு. ஆறு இயக்குநரை நியமிக்கும் உரிமைக்குச் சந்தை போட்ட கூடுதல் விலை ஏறத்தாழ 31 சதவீதம். எந்த ஊடக விற்பனையையும் இப்படிப் பங்கு வகைவாரியாக வகுத்துப் பார்க்கலாம். வாங்குபவர் எதற்குக் கூடுதல் பணம் தருகிறார் என்பது உடனே தெரியும்.

எக்ஸோரின் பங்கு 4.7 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதத்துக்கு ஏறியது. அதோடு சேர்த்து விதிகளும் திருத்தப்பட்டன: தனி ஒரு பங்குதாரரின் ஓட்டு 20 சதவீதத்தைத் தாண்டாது, யாரும் 50 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. பொருளாதாரப் பங்கு ஒரு எண், ஓட்டு வேறு எண், இயக்குநர் நாற்காலி மூன்றாவது எண். நீங்கள் ஆராயும் இதழுக்கும் இந்த மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். ‘43 சதவீத முதலாளி’ என்ற ஒற்றை வரி எதையும் சொல்லாது.

இதையும் கோயில் விக்கிரகமாக்க வேண்டாம். டிரஸ்டிகளை யார் நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு, காலியிடம் வந்தால் யார் நிரப்புவது என்று விதியில் தேடுங்கள். முதலாளியே டிரஸ்டியை நியமிக்கலாம் என்றிருந்தால் 100 பங்கும் காகிதப் பூட்டுதான்.

ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

ஆர்ட்டிகல்ஸில் இப்படிப்பட்ட பாதுகாப்பு பெரும்பாலான இதழ்களுக்குக் கிடையாது. அப்போது நிர்வாக வரைபடம்தான் துணை. ஃபார்ச்சூன் இதழை வெளியிட்ட டைம் இன்க்-ல், நிறுவனர் ஹென்றி லூஸ் காலத்திலிருந்து ஆசிரியர் பக்கத்துக்குத் தனித் தலைமை இருந்தது. வணிகப் பக்கம் அதன்மேல் கை வைக்க முடியாது. 2013 இறுதியில் அதை மாற்றினார்கள். இதழ்களின் ஆசிரியர்கள் வணிகப் பிரிவு நிர்வாகிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றானது. பங்கு ஒன்றும் கைமாறவில்லை, அட்டையில் பெயர் மாறவில்லை. வாசகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே பணியிட அறிவிப்புகளையும் நியமனச் செய்திக் குறிப்புகளையும் பாருங்கள்: ‘இன்னாருக்கு ரிப்போர்ட் செய்வார்’ என்ற வரியில் வருமானப் பொறுப்பாளரின் பதவி இருக்கிறதா? ஆசிரியரின் பதவிப் பெயரிலேயே ‘வளர்ச்சி’, ‘வருமானம்’ போன்ற சொற்கள் ஒட்டியிருக்கின்றனவா?

எழுத்தில் பாதுகாப்பு இருந்தும் அது வழுக்கிய கதை வால் ஸ்ட்ரீட் ஜர்னலுடையது. 2007-ல் நியூஸ் கார்ப்பரேஷன் அதை வெளியிடும் டவ் ஜோன்ஸை வாங்கியபோது ஐந்து பேர் கொண்ட சிறப்புக் குழு அமைத்தார்கள். நிர்வாக ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2008 ஏப்ரலில் நிர்வாக ஆசிரியர் மார்கஸ் பிராச்லி விலகினார். முடிவான பிறகுதான் குழுவுக்குச் சொன்னார்கள். குழு அதிருப்தியைப் பகிரங்கமாகவே தெரிவித்தது. ஆனால் விலகியவர் விலகியவர்தான். ‘நீக்க ஒப்புதல் வேண்டும்’ என்று எழுதியவர்கள் ‘விலகல்’ என்ற வாசலைப் பூட்ட மறந்துவிட்டார்கள். முன்பு 1981-ல் லண்டன் டைம்ஸை நியூஸ் கார்ப்பரேஷனின் தலைவர் மர்டாக் வாங்கியபோதும் சுதந்திர இயக்குநர்கள் என்ற ஏற்பாடு இருந்தது. ஆசிரியர் ஹெரால்ட் எவன்ஸ் ஓராண்டில் வெளியேறினார், அதுவும் ராஜினாமாதான்.

ஆசிரியராகவோ மூத்த பொறுப்பிலோ சேருகிறவர் ஒப்பந்தத்தில் இந்த வாசலைப் பூட்டிக்கொள்ள வேண்டும். இப்படி எழுதலாம்:

‘ஆசிரியரின் நீக்கம், பதவி விலகல், பதவிப் பெயர் மாற்றம், அதிகாரக் குறைப்பு, ஆசிரியர் குழுச் செலவுத் தொகையில் ஒரே ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட வெட்டு ஆகிய எதுவும், சுதந்திரக் குழு ஆசிரியரைத் தனியாகச் சந்தித்துப் பேசி எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே நடைமுறைக்கு வரும். முன்கூட்டிக் குறைந்தது 14 நாள் அவகாசம் குழுவுக்குத் தரப்பட வேண்டும்.’

செலவுத் தொகையை ஏன் சேர்க்க வேண்டும்? ஆசிரியரை மாற்றாமலே புலனாய்வு நிருபர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும், இதழ் பல்லில்லாமல் போய்விடும். அதேபோல மானநஷ்ட நோட்டீஸ் வந்தால் மன்னிப்புக் கேட்பதா, வழக்கை நடத்துவதா என்று முடிவெடுப்பவர் யார் என்றும், நிருபரின் சட்டச் செலவை வேலையை விட்ட பிறகும் கம்பெனி ஏற்குமா என்றும் தனி வரிகள் வேண்டும். வாய்மொழி உறுதிக்கு, அதைத் தந்த நிர்வாக இயக்குநர் பதவியில் இருக்கும்வரைதான் ஆயுள்.

பணம் வரும் வழி

ஏஓசி-4 இணைப்பில் ‘ரிலேட்டட் பார்ட்டி’ என்று ஒரு குறிப்பு இருக்கும். சகோதரக் கம்பெனிகளிடமிருந்து எவ்வளவு விளம்பர வருமானம், எவ்வளவு கடன், எவ்வளவு வாடகை என்று அங்கே வரும். அந்த விளம்பரத் தொகையை மொத்த வருமானத்தால் வகுத்து, ஐந்து ஆண்டுக்கு எழுதுங்கள். நஷ்டத்தில் ஓடும் இதழ் என்றால் நஷ்டத்தை ஆண்டுதோறும் யார் அடைக்கிறார்கள் என்பது, விளம்பரத்தைவிடப் பெரிய கேள்வி.

இந்தக் குறிப்பு எல்லாவற்றையும் காட்டாது. விளம்பர ஏஜென்சி வழியாக வரும் பணம் ஏஜென்சியின் பெயரில்தான் விழும். அதனால் ஆறு மாத இதழ்களை எடுத்து முழுப்பக்க விளம்பரங்களைக் கையால் எண்ணி, குழுமம் வாரியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அட்டையின் உள்பக்கங்களையும் பின்னட்டையையும் தனியாகக் குறியுங்கள், விலை அதிகம் அவற்றுக்குத்தான்.

இந்தியாவுக்கே உரிய ஒரு பழக்கம் பிரைவேட் ட்ரீட்டி. விளம்பரத்துக்குப் பணம் வாங்காமல் கம்பெனியின் பங்கை வாங்கிக்கொள்வது. பங்கு விலை ஏறினால் ஊடகத்துக்கு லாபம். அதே கம்பெனியைப் பற்றி அதே ஊடகம் எழுதும். செபி இதைப் பிரஸ் கவுன்சிலிடம் கொண்டுபோனது. ஊடகம் தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியைப் பற்றிய செய்தியில் அதைச் சொல்ல வேண்டும், எத்தனை சதவீதம் என்று இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2010-ல் வந்தது. ஆகவே இதழின் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறதா, எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள். பட்டியல் இல்லையென்றால் கம்பெனியின் நிதிக்கணக்கில் ‘முதலீடுகள்’ குறிப்பில் சின்னச் சின்னக் கம்பெனிகளின் பங்குகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

விருது விழாக்களையும் விட்டுவிட வேண்டாம். ‘சிறந்த 50 நிறுவனங்கள்’ வரிசையை எடுத்து, அதே விழாவின் ஸ்பான்சர் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் உண்டா, தேர்வு முறை அச்சில் இருக்கிறதா, நடுவர்களில் ஸ்பான்சரின் ஆள் உண்டா? தேர்வு முறையே அச்சிடாத தரவரிசையை விளம்பரக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

பக்கங்களை எண்ணுவது

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, இதழிலிருந்து தொடங்குவது. முதலாளியைப் பற்றிய கட்டுரைகளைத் தேடி எடுத்து ‘பாராட்டு எத்தனை, விமர்சனம் எத்தனை’ என்று எண்ணுவார்கள். எழுதாமல் விட்ட செய்தி அந்தக் கணக்கில் வராது. ஆராய வேண்டியதே அதைத்தான். அதனால் வெளியிலிருந்து தொடங்குங்கள்.

செபி ஆணைகள், போட்டி ஆணையத்தின் ஆணைகள், ரிசர்வ் வங்கி அபராதங்கள், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய வழக்குகள், பங்குச்சந்தை அறிவிப்புகள் ஆகியவற்றிலிருந்து கடந்த 12 மாதத்தில் முதலாளி குழுமத்துக்குப் பாதகமான நிகழ்வுகளைத் தேதியோடு எழுதுங்கள். அதே துறையில், ஏறக்குறைய அதே அளவுள்ள போட்டிக் குழுமத்துக்கும் அதே பட்டியல். இரண்டு பக்கமும் சுமார் 15 நிகழ்வு இருந்தால் நல்லது. பத்துக்குக் கீழே இருந்தால் காலத்தை 24 மாதமாக நீட்டுங்கள். நான்கைந்து நிகழ்வை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் இந்தக் கட்டங்களை நிரப்புங்கள்: முதல் செய்தி எத்தனை நாள் கழித்து, அச்சிலா தளத்தில் மட்டுமா, எந்தப் பக்கம், எத்தனை சொல், சொந்த நிருபரா, பிடிஐ போன்ற செய்தி ஏஜென்சியா, தலைப்பில் கம்பெனியின் பெயர் உண்டா, ‘இந்தக் குழுமம் எங்கள் உரிமையாளர்’ என்ற வரி உண்டா.

வித்தியாசம் நேரடி மறைப்பாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்: போட்டியாளருக்கு அபராதம் என்றால் சொந்த நிருபரின் மூன்று பக்கம், முதலாளிக்கு அபராதம் என்றால் தளத்தில் ஏஜென்சிச் செய்தி, அச்சில் ஒன்றுமில்லை. தலைப்பில் கம்பெனியின் பெயருக்குப் பதில் ‘பிரபல குழுமம்’. இன்னொரு அறிகுறி, வந்த செய்தி பிறகு காணாமல் போவது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பழைய வடிவத்தைப் பாருங்கள். இணைய முகவரியில் உள்ள சொற்களும் இப்போதைய தலைப்பும் பொருந்தாவிட்டால் தலைப்பு பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது.

மாத இதழை இந்தக் கணக்கில் தினசரியோடு ஒப்பிடக் கூடாது. அச்சுக்குப் போகும் தேதி இரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும். தாமதம் அங்கே குற்றமல்ல. இன்னொரு மாத இதழை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியைப் பற்றி எழுதவே மாட்டோம் என்று அறிவித்துவிடும் இதழும் உண்டு. மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் இறங்கியபோது, புளூம்பெர்க் பிசினஸ்வீக்கையும் உள்ளடக்கிய அந்த நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் ஜான் மிக்கிள்த்வெயிட், முதலாளியைப் பற்றிப் புலனாய்வு செய்ய மாட்டோம், அவரோடு மோதும் ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர்களையும் செய்ய மாட்டோம் என்று ஊழியர்களுக்கு எழுதினார். முதலாளிக்காகப் போட்டியாளரையும் விட்டுவிடுவது வாசகருக்கு இரட்டை நஷ்டம். ஆனாலும் எழுத்தில் வந்த கட்டுப்பாட்டைக் குறித்துக்கொண்டு அந்த விஷயத்துக்கு வேறு இதழைப் படிக்கலாம். எழுதப்படாத கட்டுப்பாட்டைக் கண்டுபிடிக்கத்தான் மேலே உள்ள அட்டவணை.

அட்டவணை முடிந்ததும் வெளியிடுவதற்கு முன்பு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘உங்கள் இதழ் சார்புடையதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஒரு வரி வரும், அல்லது பதிலே வராது. நிகழ்வு, தேதி, போட்டியாளர் செய்தி வந்த பக்கம், முதலாளி பற்றிய செய்தி வராத இதழ் என்று மூன்று உதாரணம் மட்டும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். பதில் சொல்ல பத்து நாள் கொடுங்கள். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும்: அந்தத் துறை நிருபர் விலகியிருப்பார், அல்லது அடுத்த இதழில் நீண்ட கட்டுரை வந்திருக்கும், நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள்.

இந்த ஆராய்ச்சி ஓராண்டுக்கு மேல் தாங்காது. பிஏஎஸ்-3 அல்லது டிஐஆர்-12 புதிதாகத் தாக்கலானாலும், தலைமை ஆசிரியர் மாறினாலும், புரமோட்டர் பங்கு அடகு திடீரென ஏறினாலும் அன்றைக்கே கடன் குறிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பக்க எண்ணிக்கையை மட்டும் ஆறு மாதம் கழித்து எடுக்கலாம், புது முதலாளியின் கை பக்கங்களில் தெரிய அவ்வளவு நாள் பிடிக்கும்.